காரை நிறுத்திச் சைக்கிள் எடுக்கிறவர்களுக்கு: வாங்குவோர் கேள்வி–பதில்

காருக்குப் பதிலாகச் சைக்கிளில் வேலைக்குப் போவதைப் பற்றிப் போன முறை நாலு வரி எழுதினேன். அதன் பிறகு வந்த கடிதங்கள் பெரும்பாலும் அதைப் பற்றித்தான். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கே: ஆரையம்பதியில் வீடு, மட்டக்களப்பு நகருக்குள் கந்தோர். போய்வர 14 கிலோமீற்றர். சைக்கிளுக்கு மாறினால் உண்மையாகவே காசு மிஞ்சுமா? காரை விற்றுவிடலாமா? (அரச உத்தியோகத்தர்)

ப: மிஞ்சும். மாதத்தில் 22 வேலை நாள் என்றால் 308 கிலோமீற்றர். நகர ஓட்டத்தில் கார் லீட்டருக்கு 11 கிலோமீற்றர் தந்தால் 28 லீட்டர். லீட்டர் 300 ரூபா என்று வைத்தால் 8,400 ரூபா. மிஞ்சுவது அவ்வளவுதான். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், லீசிங் கட்டுப்பணம் எல்லாம் கார் கராஜில் தூங்கினாலும் வரும். ஓடாமல் விட்டால் பற்றரியும் இறங்கும். கிழமைக்கு ஒரு தரமாவது நல்ல தூரம் ஓட்டுங்கள்.

நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆறுதலாக மிதித்தால் மணிக்கு 15 கிலோமீற்றர் போகலாம், உங்கள் 7 கிலோமீற்றருக்கு 28 நிமிடம். பாதை முழுக்கச் சமதரை; ஏற்றம் என்று சொல்லக் கல்லடிப் பாலம் ஒன்றுதான். காத்தான்குடி மெயின் ரோட்டில் பேரீச்ச மரங்களைப் பார்த்தபடி காருக்குள் இருக்கிற நேரத்தையும், நகருக்குள் கார் விட இடம் தேடுகிற நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். பெரிய வித்தியாசம் வராது.

காரை இப்போதைக்கு விற்காதீர்கள். நவம்பரில் தொடங்குகிற மழை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு மாரி முழுக்கச் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு விற்கிற கதையைக் கதைப்போம்.

கே: கல்முனையிலிருந்து அம்பாறைக்குத் தினமும் சைக்கிளில் போய்வர நினைக்கிறேன். எது நல்லது?

ப: பஸ்.

கே: 2022இல் பெற்றோல் வரிசைக்குப் பயந்து, கியர் வைத்த மௌண்டன் சைக்கிள் ஒன்றைக் கடைக்காரர் சொன்ன விலைக்கே வாங்கினேன். இப்போது துருப்பிடித்துக் கிடக்கிறது, மிதிக்கவும் பாரம். திருத்துவதா, விற்பதா? (கல்லடி)

ப: அந்த வருசம் வாங்கியவர்களை நான் ஏச மாட்டேன். ஜூன் கடைசியில் பெற்றோல் லீட்டர் 470 ரூபா. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீட்டர். கடையில் எது நின்றதோ அதைத்தான் சனம் உருட்டிக்கொண்டு வந்தது. விலை சொன்னவருக்குத்தான் கொண்டாட்டம்.

ஆனால் இப்போதும் அதையே தேடி வாங்குகிறார்களே, அது எனக்கு விளங்கவில்லை. மலைச் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களே, உங்கள் கந்தோர் என்ன குடும்பிமலை உச்சியிலா இருக்கிறது? முன்பக்கத்து ஸ்பிரிங் கல்லிலும் பள்ளத்திலும் இறங்குவதற்கு வைத்தது. தார் ரோட்டில் நீங்கள் எழும்பி மிதிக்கிறபோது உங்கள் பலத்தில் ஒரு பங்கு அந்த ஸ்பிரிங் அமுங்குவதிலேயே போய்விடுகிறது. மலிவு வண்டியில் அது வெறும் இரும்புப் பாரம். கட்டை கட்டையான ரயர் மண்ணைப் பிடிக்கச் செய்தது. தாரில் அது தருவது இரைச்சலும் இழுவையும். 21 கியரில் இந்த ஊரில் நீங்கள் மாற்றப்போவது இரண்டோ மூன்றோ. பின்சில்லோடு தொங்குகிற கியர் மாற்றி, சைக்கிள் ஒரு தரம் வலப்பக்கம் சரிந்தாலே வளையும். மறுகா செயின் துள்ளத் தொடங்கும்.

இவ்வளவையும் தருகிறவர்கள் மட்காட் தருவதில்லை. கரியர் இல்லை, செயின் கவர் இல்லை, மணி கூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக்காசு. மாரியில் முதுகில் சேற்றுக்கோடு விழுந்தபடி கந்தோருக்குள் நுழைகிறீர்கள், கேட்டால் ‘ஸ்போர்ட்ஸ் லுக்’ என்கிறீர்கள். வேலைக்குப் போகத் தேவையானது கியர் இல்லாத, நிமிர்ந்து இருந்து ஓடுகிற, செயினை முழுக்க மூடிய, இரண்டு மட்காட்டும் கரியரும் ஸ்டாண்டும் உள்ள வண்டி. மீன் பெட்டியும் நெல் மூட்டையும் ஏற்றி, வாவிக்கு மேற்கே படுவான்கரையும் கிழக்கே எழுவான்கரையும் ஓடித் திரிந்தது அதுதான். இன்றைக்கு அதைக் கேட்டால் கடைப் பொடியன் சிரிக்கிறான். சிரிக்கட்டும், கேளுங்கள்.

இனி உங்கள் வண்டி. விற்காதீர்கள், இரும்பு விலைதான் தருவார்கள். கடற்காற்றில் உப்பு இருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்துக் காயவிட்டு, செயினுக்கு எண்ணெய் போடுங்கள். செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஓர் அடிமட்டம் போதும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து 12 அங்குலம் அளந்தால் இன்னோர் ஆணியின் நடு அங்கே நிற்க வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். ரயரை வழுவழுப்பானதாக மாற்றினால் ஓட்டம் நன்றாக இலேசாகும். ஆனால் கடையில் போய் ‘26 ரயர்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். 26×1.95க்கும் 26×1⅜க்கும் பெயரில்தான் ஒற்றுமை. ஒன்றின் றிம்மில் மற்றது ஏறாது. ரயரின் பக்கத்தில் 50-559, 37-590 என்ற மாதிரி ஓர் இலக்கம் இருக்கும். கடைசி மூன்று இலக்கமும் பழைய ரயரோடு ஒத்திருக்க வேண்டும். சில கடைகளில் இதைப் பார்க்காமலே எடுத்துத் தருவார்கள். அப்படி வாங்கிய ரயர் ஒன்று என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

கே: வவுணதீவுப் பக்கம் பாடசாலை, வீடும் அங்காலதான், கிறவல் ரோட்டில் 4 கிலோமீற்றர். சாரி உடுத்துக்கொண்டு ஓடலாமா? மடிக்கிற சின்னச் சைக்கிள் வசதி என்கிறார்கள். (ஆசிரியை)

ப: ஓடலாம் டீச்சர், சாரியோடு காலங்காலமாக ஓடுகிறார்கள். குறுக்குச் சட்டம் தாழ்ந்த லேடீஸ் சைக்கிள், முழுச் செயின் கவர், பின்சில்லின் இரண்டு பக்கமும் வலை. வலை இல்லாமல் முந்தானையை நம்பிப் போகாதீர்கள். வீட்டுக்குத் திரும்புவது மேற்குப் பக்கம் என்றால், ஜூன் தொடங்கிக் கச்சான் காற்று முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர்ப் போத்தலையும் மறக்க வேண்டாம்.

மடிக்கிற சைக்கிளா? என்னிடம் ஒன்று இருக்கிறது. படத்தைப் பார்த்து வாங்கினேன். சில்லு சின்னதென்றால் ஒவ்வொரு குழியும் பெரிது. இப்போது கோடிக்குள் கோழிகள் ஏறி இருக்கின்றன, அவற்றுக்கு வசதிதான்.

கே: தாதியாக வேலை செய்யும் மகளுக்குப் புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். ஐந்து கிழமையில் ஹாண்டிலுக்குக் கீழே வெல்டிங் வெடித்துவிட்டது. மகள் விழுந்து கையில் காயம். ஆள் ஏற்றியதால் வந்தது என்கிறார் முதலாளி. விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது என்று பில்லிலும் இருக்கிறது. மகள் தனியாகத்தான் ஓடினாள். (களுவாஞ்சிகுடி)

ப: அம்மா, உங்கள் மகளிலோ உங்களிலோ ஒரு பிழையும் இல்லை. கரியர் பூட்டி விற்ற சைக்கிளில் ஓர் ஆள் ஏறியிருந்தாலும் முன்பக்கத்து வெல்டிங் ஐந்து கிழமையில் வெடிக்கக் கூடாது. ஒரு பிள்ளையை விழுத்திய பொருளை விற்றுவிட்டு, அந்தப் பிள்ளையையே குற்றம் சொல்கிறவரோடு சத்தம் போட்டு உங்கள் மூச்சை வீணாக்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

முதலில், யார் சொன்னாலும் அதைத் திரும்ப ஒட்டிக் கொடுக்க விடாதீர்கள். ஒட்டினால் உங்கள் சாட்சி போய்விடும். வெடிப்பைக் கிட்டவும் தூரவும் படம் எடுங்கள். பிறேம் இலக்கம், பில், வைத்தியசாலைத் துண்டு மூன்றையும் பிரதி எடுங்கள். வாங்கிய திகதி, உடைந்த திகதி, உங்களுக்கு என்ன வேண்டும் (வேறு சைக்கிளா, காசா) என்று கடைக்கு ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்கு ஐந்து கிழமை ஏற்கனவே போய்விட்டது, இந்தக் கிழமையே எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். 1977க்கு அழைத்தும் கேட்கலாம், கச்சேரியில் அவர்களுடைய உத்தியோகத்தர்களைச் சந்திக்கலாம். பில்லில் அச்சடித்த வரிக்குப் பயப்பட வேண்டாம். அப்படி ஒரு வரி இருப்பதால் உங்கள் முறைப்பாட்டு உரிமை போய்விடாது. பொருள் வாங்கிய தேவைக்கு உதவ வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலிருந்தே வருகிற விசயம். பதில் வந்ததும் எனக்கும் எழுதுங்கள் அம்மா. வராவிட்டாலும் எழுதுங்கள்.

கே: இரவில் ஒருவர் வீட்டுக்கே கொண்டுவந்து பாதி விலைக்குத் தந்த சைக்கிளை வாங்கினேன். ரசீது இல்லை. போன கிழமை சொந்தக்காரர் பொலிசோடு வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் காசை எப்படி எடுப்பது? (சாய்ந்தமருது)

ப: எடுக்க மாட்டீர்கள் தம்பி. இரவு, பாதி விலை, ரசீது இல்லை, ஆளின் பெயரும் தெரியாது. இதில் எந்த இடத்திலும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவில்லையா? சைக்கிளோடு உங்களையும் ஏற்றாமல் போனார்களே என்று சந்தோசப்படுங்கள். களவுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது குற்றம். தெரியாது என்று நீங்கள் சொன்னால் அந்தப் பாதி விலையே உங்களுக்கு எதிராகப் பேசும். பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் பிறேமில், பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே, அடித்திருக்கிற இலக்கத்தைப் பாருங்கள். சுரண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். விற்பவரின் அடையாள அட்டை இலக்கத்தோடு ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். என் அனுதாபம் சைக்கிளைக் களவு கொடுத்தவருக்கு.

கே: எந்தப் பூட்டு நல்லது?

ப: வயர் பூட்டு வேண்டாம். விரல் தடிப்பில் ஒன்று வாங்கினேன், திறப்பைத் தொலைத்துவிட்டு வீட்டுக் குறட்டால் நானே வெட்டி எடுத்தேன். மேலே பிளாஸ்ரிக், உள்ளே நூல் கம்பி. தடித்த யூ பூட்டு அல்லது கனமான சங்கிலி வாங்குங்கள். சில்லை மட்டும் பூட்டாமல் பிறேமையும் சேர்த்து அசையாத ஒன்றோடு பூட்டுங்கள்.

கே: மின்சார சைக்கிள் ஒன்று, மிதிக்காமலே முழுச் சார்ஜில் 60 கிலோமீற்றர் ஓடும் என்கிறார்கள். 36 வோல்ற், 10 அம்பியர்மணி. நம்பலாமா? (அக்கரைப்பற்று)

ப: பெருக்கிப் பாருங்கள்: 360 வாட்மணி. மிதிக்காமல் ஓடினால் கிலோமீற்றருக்கு 10 முதல் 15 வாட்மணி எடுக்கும். 24 முதல் 36 கிலோமீற்றர், அதுவும் பற்றரி புதிதாக இருக்கிறவரை. காசு கொடுக்க முதல், மாற்றுப் பற்றரி என்ன விலை, அது கடையில் இப்போது இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு தேவையா என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள்.

கே: சைக்கிள் ஹெல்மெட் விலை கூட. வீட்டில் இருக்கிற மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டு ஓடலாமா? (ஏறாவூர்)

ப: போடலாம். வைகாசி வெயிலில் ஏறாவூரிலிருந்து மட்டக்களப்பு வரை அதைப் போட்டு மிதித்துவிட்டு, மறுகா விலையைப் பற்றி எழுதுங்கள்.