பங்காளி பதிவு செய்துவிட்டால் என் பெயர் போய்விடுமா?

வாசகர்களின் ட்ரேட்மார்க் கேள்விகளுக்குக் காரைக்குடி வழக்கறிஞர் பதில் அளிக்கிறார்

கேள்வி: வக்கீல் தம்பிக்கு, 2009-லிருந்து வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம், மாவுருண்டை எல்லாம் உண்டு. பிள்ளையார் நோன்புக்கும் கல்யாணம், சாந்திக்கும் ஆர்டர் நிறைய வரும். கவரில் எங்கள் வீட்டு விலாசத்தைத்தான் போடுகிறேன். விலாசம் என்றால் முகவரி இல்லை; மாமனார், அவருடைய அப்பச்சி (அப்பா) பெயர்களின் முதலெழுத்துகள். விலாசத்தைச் சொல்லித்தான் ஆட்கள் கேட்டு வாங்குகிறார்கள். என் கொழுந்தனார் மகன் 2022-ல் சென்னையில் அதே விலாசத்தில் பலகாரக் கடை போட்டான். போன மாதம் படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாட்டுக்கு) வந்தவன், "பெரியாத்தா, ட்ரேட்மார்க்குக்கு எழுதிப் போட்டிருக்கேன். வந்துட்டா நீங்க பேரை மாத்திக்கணும்" என்கிறான். பெங்களூரில் இருக்கும் என் மகன், தன் பெயரில் நாமும் பதிவு செய்துவிடலாம் என்கிறான். 2020-ல் சில மாதம் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. அதனால் ஏதும் பாதகம் வருமா? நான் என்ன செய்யட்டும்?
- தேவகோட்டை வாசகி

பதில்: ஆச்சி, பெயரை மாற்ற வேண்டியதில்லை. உங்கள் கொழுந்தனார் மகன் பதிவே வாங்கிவிட்டாலும் உங்களை நிறுத்தச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. வணிகக் குறிகள் (ட்ரேட்மார்க்) சட்டம், 1999-இன் 34-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பதிவு பெற்றவர் பயன்படுத்தத் தொடங்கிய நாள், அவர் பதிவு பெற்ற நாள் ஆகிய இரண்டுக்கும் முன்பிருந்தே ஒரு பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவரை அந்தப் பதிவு ஒன்றும் செய்யாது. நீங்கள் 2009, அவர் 2022. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா பெயர் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. அதில் இரண்டு தரப்பும் கையில் பதிவு வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும், யார் முதலில் அந்தப் பெயரில் விற்று நல்ல பெயர் எடுத்தார்களோ அவர்கள் பக்கமே தீர்ப்பு போனது.

2020-இல் அடுப்பு மூடிக் கிடந்ததைப் பற்றிக் கவலை வேண்டாம். ஊருக்கே பொதுவாக வந்த முடக்கம் அது. பெயரைக் கைவிட்டீர்கள் என்று அதைக் காட்டி வாதிட்டால் எடுபடாது.

ஆனால் 2009 என்று வாயால் சொன்னால் போதாது, காகிதம் வேண்டும். உங்களைப் போல வீட்டில் தொழில் செய்கிற ஆச்சிமார்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான். ஆர்டர் நோட்டைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாதீர்கள். கல்யாண வீட்டார் பெயர், தேதி, எத்தனை கிலோ, முன்பணம் எவ்வளவு என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிற அந்த நோட்டுதான் உங்கள் பத்திரம். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அனுப்பிய கூரியர் ரசீது, கவர் அடித்த அச்சகத்தின் பில், உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, பேங்க் பாஸ்புக், கவர் தெரிகிற பழைய போட்டோ எல்லாவற்றையும் ஆண்டுவாரியாகக் கட்டி வையுங்கள். விண்ணப்பத்தில் 'இந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறேன்' என்று எழுதினால் அதற்குப் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கூடவே கொடுக்க வேண்டும். ஆதாரம் 2011-லிருந்துதான் இருக்கிறது என்றால் 2011 என்றே எழுதுங்கள். கூட்டி எழுதிய தேதி பின்னால் குறுக்கு விசாரணையில் உங்கள் மற்ற ஆதாரங்களையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அந்த விலாசம் அவருடைய ஐயாவுடையதும்தான் (ஐயா என்றால் அப்பாவைப் பெற்ற தாத்தா). சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துகிறவரைத் தடுக்க முடியாது என்று 35-ஆம் பிரிவு சொல்கிறது. பர்மா, மலாயாவில் கொடுக்கல் வாங்கல் நடந்த நாளிலிருந்து விலாசம் என்பது நம் பக்கம் குடும்பத்துக்கும் கடைக்கும் சேர்த்தே அடையாளம். ஒரு பங்காளி மட்டும் அதை மொத்தமாக எடுத்துக்கொள்ள நினைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அது அவருக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும். அவர் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. உங்கள் கவரின் நிறம், கோலம், எழுத்து அமைப்பு எல்லாவற்றையும் அப்படியே போட்டு, வாங்குகிறவர் 'தேவகோட்டை ஆச்சி பலகாரம்' என்று நம்பும்படி விற்றால் அங்கே நேர்மை போய்விடுகிறது. அதைத் தடுக்க, பதிவு இல்லாவிட்டாலும் வழக்குப் போடலாம்.

அதனால் வெறும் முதலெழுத்துகளுக்கு மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். விலாசத்தோடு உங்களுக்கே உரிய ஒரு சொல்லையும் படத்தையும் சேர்த்து லேபிளாக விண்ணப்பியுங்கள். 'செட்டிநாடு', 'அசல்', 'கைமணம்' மாதிரியான சொற்களில் பலம் இல்லை. ஊரையும் தரத்தையும் சொல்கிற சொல்லை ஒருவருக்கே கொடுக்க ட்ரேட்மார்க் பதிவகம் தயங்கும். 'ஆச்சி' என்று சேர்க்க ஆசை வரும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஆச்சிதான், ஆனாலும் அந்தப் பெயரில் தமிழ்நாடே அறிந்த மசாலா நிறுவனம் இருக்கிறது. பதிவுக்காகப் பொருள்களை எண் போட்டு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; மசாலாவும் பலகாரமும் ஒரே 30-ஆம் வகுப்பில் வருகின்றன. அந்த வம்பு வேண்டாம். எந்தப் பெயரானாலும் பதிவகத்தின் இணையதளத்தில் முதலில் தேடிப் பாருங்கள், இலவசம்தான். ஒலி ஒத்த பெயர்களையும் தேட வசதி உண்டு. லேபிளை வரைந்தது அச்சகத்துப் பையன் என்றால், அந்தப் படத்தின் உரிமையை உங்களுக்குக் கொடுத்ததாக அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் இத்தனை வருஷமாக மாவு இடித்து, பாகு பதம் பார்த்து, அந்தப் பெயரைச் சம்பாதித்தது நீங்கள். விண்ணப்பம் உங்கள் பெயரில்தான் போக வேண்டும். 'ஆம்பளை பேர்ல இருக்கட்டும்' என்று கணவர் பெயரிலும் மருமகன் பெயரிலும் போட்ட பதிவுகள், குடும்பத்தில் சின்ன மனவருத்தம் வந்தவுடன் உழைத்தவரையே வெளியே தள்ளியதை நான் பார்த்திருக்கிறேன். சட்டப்படியும் இதுதான் சரி. பயன்படுத்துகிறவர்தான் உரிமையாளர் என்று விண்ணப்பிக்க வேண்டும். ட்ரேட்மார்க் ஒரு சொத்து. நாளைக்கு அதை மகனுக்கு எழுதிக் கொடுக்கலாம், உயிலிலும் சேர்க்கலாம்.

தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய், நேரில் கொடுத்தால் 5,000. (பெரிய நிறுவனமானால் இது இரண்டு மடங்கு.) பலகாரம் 30-ஆம் வகுப்பு. ஊறுகாயும் போடுகிறீர்கள் என்றால் அது 29, தனிக் கட்டணம். லேபிளில் தமிழ் எழுத்து இருந்தால் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நம் பகுதிக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது; இணையவழியில் போட்டால் போக வேண்டியதில்லை. ஆய்வு அறிக்கையில் ஆட்சேபம் எழுதி அனுப்புவார்கள், பயப்படாதீர்கள், பெரும்பாலானவர்களுக்கு வருவதுதான். ஒரு மாதத்துக்குள் பதில் போக வேண்டும், அதை மட்டும் விட்டுவிடக் கூடாது. பதிவு கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 10 வருஷம் செல்லும். அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

கொழுந்தனார் மகனின் விண்ணப்பத்தையும் கண்காணியுங்கள். அது ட்ரேட்மார்க் இதழில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போடலாம். இணையவழிக் கட்டணம் 2,700 ரூபாய். நான்கு மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டித் தர மாட்டார்கள். இதழ் வாரா வாரம் திங்கட்கிழமை இணையத்தில் வரும். அவருடைய விண்ணப்ப எண்ணைக் கேட்டு வைத்துக்கொண்டால் பார்ப்பது சுலபம். 'சொந்தக்காரப் பையன்தானே' என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். பதிவான பெயரைத் தெரிந்தே ஐந்து வருஷம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால், பிறகு அந்தப் பதிவை ரத்துசெய்யச் சொல்லும் உரிமை பெரும்பாலும் போய்விடும்.

மனு போடுமுன் ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள் ஆச்சி. படைப்புக்கு ஒரே வீட்டில் கூடுகிற பங்காளிகள் நீங்கள். விலாசம் இருவருக்கும் பொது, கூடச் சேர்க்கும் சொல்லும் லேபிளும் தனித்தனி, ஒருவர் பதிவை மற்றவர் எதிர்ப்பதில்லை என்று முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அதற்கு அவர் ஒத்துவராவிட்டால் நான்கு மாதக் கெடுவுக்குள் மனு போக வேண்டியதுதான்.

கேள்வி: காரைக்குடியில் கைத்தறிச் சேலை வியாபாரம் செய்கிறேன். 'காரைக்குடி கண்டாங்கி' என்பதையே என் கடையின் ட்ரேட்மார்க்காகப் பதிவு செய்ய முடியுமா?
- காரைக்குடி வாசகர்

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊருக்கே உரிய பொருளின் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்திருக்கிறது. நம் ஓலைக் கொட்டானுக்கும் (கூடைக்கும்) அது உண்டு. அந்தப் பெயர் இங்கே தறி போடுகிற அத்தனை பேருக்கும் சொந்தம். எந்தக் கடைக்காரரும் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது, விற்கவும் முடியாது. புவிசார் குறியீட்டில் அங்கீகரிக்கப்பட்ட பயனர் என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வழி இருக்கிறது. உங்களுக்கு நெய்து தரும் குடும்பங்களை அதில் சேர்த்துவிட்டால், பவர்லூம் சேலையைக் கண்டாங்கி என்று விற்கிறவர் மேல் அவர்களாலேயே நடவடிக்கை எடுக்க முடியும். அந்த நெசவாளர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். கடைக்கு வேறு பெயர் வைத்து, அதை 24, 25-ஆம் வகுப்புகளில் பதிவு செய்யுங்கள். சேலை லேபிளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம்.

கேள்வி: மசாலாப்பொடிக்குப் போன மாதம் விண்ணப்பித்து எண் வந்துவிட்டது. கவரில் வட்டத்துக்குள் ஆர் எழுத்துப் போட்டு அடித்துவிட்டேன், சரிதானே?
- பள்ளத்தூர் வாசகர்

பதில்: சரியில்லை. அந்த வட்டம் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான். பதிவாகாத பெயரைப் பதிவானதாகக் காட்டுவது 107-ஆம் பிரிவின்படி தவறு, அதற்குத் தண்டம் உண்டு. போட்டியாளர் ஒருவர் அந்தக் கவரை எடுத்துக் காட்டினாலே உங்கள் நேர்மை கேள்விக்குள்ளாகும். இப்போதைக்கு டி.எம். என்ற இரண்டு எழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அடித்த கவரில் வட்டத்தை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அச்சகத்தில் இருக்கிற டிசைனிலும் இன்றைக்கே மாற்றச் சொல்லிவிடுங்கள்.