கிளேரின் ரத்தத்தில் என்ன இருக்கிறது?

கேள்வி: ‘ஹீரோஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை நானும் என் அறை நண்பனும் இப்போதுதான் பார்த்து முடித்தோம். அதில் வரும் கிளேர் பென்னட் என்ற பள்ளி மாணவிக்கு எந்தக் காயம் பட்டாலும் நொடியில் ஆறிவிடுகிறது. அவள் உடம்பு முழுக்க ஸ்டெம் செல்கள் (வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூல செல்கள்), இரண்டாக வெட்டினால் இரண்டு கிளேர்கள் வருவார்கள் என்பது அவன் கட்சி. கற்பனைக் கதையில் அறிவியலைத் தேடுவதே வீண் வேலை என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: உங்கள் நண்பர் சொல்வது தவறு. நீங்கள் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. அவர் கதையைக் கூர்ந்து பார்த்து ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவில் சறுக்கியிருக்கிறார். நீங்கள் பார்க்கவே மறுக்கிறீர்கள்.

‘ஹீரோஸ்’ தன்னை மந்திரக் கதை என்று எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. 2006இல் ஒளிபரப்பான முதல் எபிசோடிலேயே, சென்னையைச் சேர்ந்த மரபியல் பேராசிரியராக வரும் மொஹிந்தர் சுரேஷ், பரிணாமம் பற்றிப் பேசித்தான் கதைக்குள் நம்மை அழைத்துப் போகிறார். இந்தச் சக்திகளுக்கு மரபணுதான் காரணம் என்று தொடரே முன்வந்து சொல்கிறது. சொன்ன பிறகு, அந்த மரபணு என்ன செய்யும், எதைச் செய்யாது என்று கேட்க ரசிகனுக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையை வீண் வேலை என்று நீங்கள் தூக்கி எறிய வேண்டாம்.

இனி உங்கள் நண்பரின் இரண்டு கிளேர்களுக்கு வருவோம். வெட்டினால் இரண்டாகும் உயிர் உண்டு. பிளனேரியன் என்ற தட்டைப்புழுவைத் துண்டு போட்டால், ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாக வளரும். அதன் உடம்பெங்கும் பரவிக் கிடக்கும் ஒருவகை ஸ்டெம் செல்களே அதற்குக் காரணம். நண்பர் மனத்தில் வைத்திருப்பது இந்தப் புழுவை. ஆனால் பல்லி போன்ற உருவம் கொண்ட நீர்வாழ் உயிரான மெக்சிகோவின் ஆக்சலாட்டல் சாலமாண்டர் வேறு வகை. அதன் காலை வெட்டினால் உடம்பில் புதுக் கால் முளைக்கும். வெட்டி விழுந்த காலிலிருந்து புது உடம்பு முளைக்காது. மணிக்கட்டில் வெட்டினால் கைப்பகுதி மட்டுமே வளரும், தோள்வரை இன்னொரு கை வளராது. எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அந்த செல்களுக்குத் தெரிந்திருக்கிறது. நிறுத்தத் தெரியாத வளர்ச்சிக்குப் பெயர் புற்றுநோய். இரண்டாம் சீசனில் கிளேர் தன் கால் விரல் ஒன்றைத் தானே வெட்டிக்கொள்கிறாள். புது விரல் முளைக்கிறது. வெட்டுண்ட விரல் இன்னொரு கிளேராக மாறவில்லை. ஆகவே அவள் சாலமாண்டர் இனம், புழு இனம் அல்ல. அந்தக் காட்சியோடு இந்த வழக்கு முடிந்துவிட்டது.

இந்தத் தொடரில் நான் மிகவும் மதிக்கும் இடம் முதல் சீசனில் இருக்கிறது. மரக்கிளை ஒன்று பின்மண்டையில் குத்தி கிளேர் இறந்துபோகிறாள். பிணப் பரிசோதனை மேசையில், மார்பு பிளக்கப்பட்ட நிலையில் கிடக்கிறாள். தலையிலிருந்து கிளை அகற்றப்பட்டதும் கண் விழிக்கிறாள். அதாவது ஆற்றுவதற்கான கட்டளை மூளையின் ஓரிடத்திலிருந்து வருகிறது. அந்த இடத்தை அடைத்துவிட்டால் உடம்பின் வேறெந்தக் காயமும் ஆறாது. எழுதியவர்கள் தெரிந்து செய்தார்களோ இல்லையோ, இது உயிரியலோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகிறது. சாலமாண்டரின் காலுக்குப் போகும் நரம்பைத் துண்டித்துவிட்டால், வெட்டுப்பட்ட கால் மீண்டும் வளராது என்பதை ஆங்கிலேய மருத்துவர் டாட் 1823லேயே கண்டு சொல்லியிருக்கிறார். நரம்பு இல்லையேல் மறுவளர்ச்சி இல்லை. கிளேரைக் கொல்ல ஒரே ஒரு வழி இருக்கிறது என்று வைத்ததால்தான், பிறர் மண்டையைத் திறந்து சக்தியைப் பறிக்கும் வில்லன் சைலர் அருகில் வரும்போதெல்லாம் நமக்கு வயிற்றைப் பிசைந்தது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆக்சலாட்டலுக்குக் கால் முளைக்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். கிளேருக்கு நொடிகள் போதும். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். கதைக்காகக் கொடுக்க வேண்டிய சலுகை அது. ஆனால் அந்த வேகத்துக்கான விலையைத் தொடர் கொடுக்கவே இல்லை. முதல் சீசனிலேயே அவள் உடம்பு முழுக்கக் கருகி, நம் கண்ணெதிரே புதுத் தோல் பெறுகிறாள். கடுமையான தீக்காயம் பட்ட மனிதருக்கு உடம்பின் ஆற்றல் செலவு ஏறக்குறைய இரு மடங்காகலாம்; அதனால்தான் தீக்காயப் பிரிவில் உணவு ஊட்டுவதையே ஒரு சிகிச்சையாக நடத்துகிறார்கள். கிளேருக்கோ பசி என்பதே வருவதில்லை. 2014இல் தொடங்கிய ‘தி ஃப்ளாஷ்’ தொடரைப் பாருங்கள். அதன் நாயகன் பேரி ஆலனுக்கும் காயம் விரைவில் ஆறும். அவன் தொடக்கத்திலேயே மயங்கி மயங்கி விழுகிறான். உடம்பு எரிக்கும் அளவுக்கு அவன் சாப்பிடவில்லை என்று கண்டுபிடித்து, கலோரி மிகுந்த தின்பண்டம் தயாரித்துக் கொடுக்கிறார்கள். அறிவியல் என்ற வகையில் அந்தத் தொடரில் நூறு ஓட்டைகள் உண்டு. ஆனால் சக்திக்குச் சோறு போட வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

‘ஹீரோஸ்’ உண்மையில் நம்மை ஏமாற்றியது ரத்தத்தில்தான். இரண்டாம் சீசனில் கிளேரின் வளர்ப்புத் தந்தை நோவா பென்னட் கண்ணில் சுடப்பட்டு இறக்கிறார். மகளின் ரத்தத்தை ஏற்றியதும் பிழைத்துக்கொள்கிறார். சக்தி மரபணுவில் இருக்கிறது என்றால், ரத்த அணுக்களில் பெரும்பங்கு வகிக்கும் சிவப்பணுக்களில் அது இருக்க வழியில்லை. முதிர்ந்த சிவப்பணுவுக்கு மரபணுக்கள் இருக்கும் உட்கருவே கிடையாது. வெள்ளணுக்கள்தான் செய்தன என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். அப்படியானால் மூளையிலிருந்து கட்டளை வர வேண்டும் என்ற முதல் சீசனின் விதி என்ன ஆயிற்று? நோவாவின் மூளையில் அந்த இடம் கிடையாதே! தாங்களே வகுத்த விதியைத் தாங்களே மிதித்துவிட்டு நடந்தார்கள்.

அதன் விளைவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு யார் செத்தாலும், ‘கிளேரின் ரத்தத்தை ஏற்றினால் என்ன?’ என்று பார்ப்பவன் கேட்பான். அந்தக் கேள்விக்கு எழுத்தாளர்களிடம் பதில் இல்லை. மூன்றாம் சீசனில் சைலர் அவள் மண்டையைத் திறந்து சக்தியைக் கற்றுக்கொள்கிறான். பிறகு உருமாறும் சக்தியும் கைக்கு வந்ததும், தன் தலையில் இருந்த அந்தப் பலவீனமான இடத்தையே இடம் மாற்றிவிடுகிறான். வில்லனைக் கொல்ல இருந்த ஒரே வழியும் அங்கே அடைபட்டது. ஒளிபரப்பான காலத்தில் ரசிகர்கள் இதைப் பற்றிச் சண்டை போட்டது அறிவியல் பித்தினால் அல்ல. தங்களுக்குப் பிடித்த கதையில் சாவுக்குப் பொருள் இல்லாமல் போவதைப் பொறுக்க முடியாமல்தான் போட்டார்கள். நான் அவர்கள் பக்கம்.

உங்கள் நண்பரோடு வாதாட இன்னும் நல்ல கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. கிளேரின் மூளையில் ஒரு பகுதி அழிந்து புதிதாக வளர்ந்தால், அந்தப் பகுதியில் இருந்த நினைவுகள் என்னாகும்? 2013இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயிற்சி கொடுத்த பிளனேரியன்களின் தலையை வெட்டிவிட்டுப் புதுத் தலை வளரும்வரை காத்திருந்தார்கள். சிறிது நினைவூட்டியதும், பயிற்சி பெறாத புழுக்களைவிட அவை பழைய பாடத்தை விரைவாகப் பிடித்துக்கொண்டன. கிளேர் புழு இனம் அல்ல என்று மேலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். நண்பர் இதை வைத்து மேல்முறையீடு செய்யலாம். இந்த முறை நீங்களும் ஒரு கட்சி எடுத்துக்கொண்டு வாதாடுங்கள்.