செப்பாங்கில் திரும்ப மறுக்கும் கார்

செந்தூலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “சிமுலேட்டர் விளையாட்டில் ஜிடி3 ரேஸ் கார் எடுத்துச் செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டுகிறேன். சுற்று நேரம் 2:08-க்குக் கீழே இறங்க முடியவில்லை. வேகமாக ஓட்டும் நண்பரிடம் செட்டப் (காரின் அமைப்பு அளவுகள்) வாங்கிப் போட்டால் இன்னும் மோசம். 9ஆம் வளைவிலும் 15ஆம் வளைவிலும் கார் திரும்பாமல் நேராக இழுக்கிறது. வெளியேறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்பக்கம் வீசுகிறது. எதை மாற்றுவது, அண்ணே?”

தம்பி, நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் பெரும்பாலும் ஒன்றுதான். முன்பக்கம் திரும்பவில்லை என்றதும் கை தானாக ஸ்டியரிங்கை இன்னும் வளைக்கிறது. அந்த வளைப்பு குறையாமலே மிதித்தால் பின்டயர் பக்கவாட்டுப் பாரத்தையும் தாங்க வேண்டும், இஞ்சின் இழுப்பையும் தாங்க வேண்டும். இரண்டும் முடியாமல் வழுக்குகிறது. ஆகவே பின்பக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பலர் முதலில் அங்கேதான் கை வைப்பார்கள். பின்பக்கப் பிடி கூடக் கூட முன்பக்கம் இன்னும் சோம்பலாகிவிடும்.

முதலில் டயர் காற்று. நண்பர் எந்த வெயிலில் அந்த செட்டப்பைப் போட்டார் என்று கேட்டீர்களா? விளையாட்டில் வெப்பத்தை 22 டிகிரியில் வைத்துச் செய்த செட்டப், நம்மூர் மதியம் போல 33 டிகிரியில் ஓடினால் டயரும் கூடுதலாகச் சூடாகும். டயருக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அழுத்தம் 1 பிஎஸ்ஐ-க்குச் சற்று மேல் ஏறிவிடும். ஜிடி3 டயருக்கு அது பெரிய வித்தியாசம்: டயர் உப்பித் தரையில் படும் பரப்பு குறைகிறது, பிடி போகிறது. பிட்டில், அதாவது ஓடுவதற்கு முன் கார் நிற்கும் இடத்தில், தெரியும் எண்ணை நம்பாதீர்கள். நான்கு சுற்று ஓடிவிட்டுச் சூட்டோடு பாருங்கள். உங்கள் விளையாட்டு அந்தக் காருக்குச் சொல்லும் அளவுக்கு மேல் எவ்வளவு நிற்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவை ஆரம்பக் காற்றில் குறையுங்கள். நான்கு டயரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்; ஒரே எண் நான்குக்கும் பொருந்தாது.

அதற்குப் பிறகும் திரும்பவில்லையா? வளைவின் எந்த இடத்தில் என்று கவனியுங்கள். பிரேக் மிதித்தபடி உள்ளே போகும்போதே முரண்டு பிடித்தால், பிரேக் பயாஸை (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் பிரியும் பங்கு) அரை சதவீதம் பின்னுக்குத் தள்ளுங்கள். பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் அளவு மீறிவிட்டது, பழைய இடத்துக்கு வாருங்கள். பிரேக்கை விட்டு, இன்னும் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் உருளும் அந்த நடுப்பகுதியில் என்றால் முன் ஆன்டி-ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஒரு கிளிக் தளர்த்துங்கள். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் எனக்கு இதுதான் என்று படுகிறது. டிஃபரன்ஷியல் பிரீலோடை (இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் இறுக்கம்) குறைத்தாலும் கார் இலகுவாகத் திரும்பும், ஆனால் பிரேக்கில் கொஞ்சம் ஆட்டம் காணும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மாற்றியபின் ஐந்து சுற்று, முதல் சுற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பெட்ரோல் அளவும் அதேதான். நான் ஒரு ராத்திரி முழுக்க ஒன்பது இடத்தில் கை வைத்து அரை விநாடி குறைத்தேன். எது குறைத்தது என்று இன்றுவரை தெரியாது. ஐந்து சுற்றுக்குள் நேரம் ஒரு விநாடிக்கு மேல் ஏறி இறங்கினால் செட்டப்பைச் சோதிக்கவே முடியாது. அப்போது முதலில் காலைப் பழக்க வேண்டும்.

விங்கை (காற்றால் காரைத் தரையோடு அழுத்தும் பின்பக்க இறக்கை) தொடாதீர்கள். 9, 15 இரண்டும் மெதுவான ஹேர்பின், அதாவது கொண்டை ஊசி வளைவு. அந்த வேகத்தில் விங் பெரிதாக எதுவும் செய்யாது. 5, 6, 12 போன்ற வேக வளைவுகளிலும் முன்பக்கம் விலகினால்தான் ஓடும்போது காற்று காரை முன்னும் பின்னும் அழுத்தும் சமநிலையைப் பற்றிப் பேச வேண்டும். செப்பாங்கின் 5.543 கிலோமீட்டரில் இரண்டு நீண்ட நேர்ச்சாலைகள் இருப்பதால் விங்கைக் குறைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நேர்ச்சாலை முடிவில் ஸ்பீடோமீட்டர் காட்டும் எண் மனசுக்கு இதம். முழுச் சுற்று நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம் 14ஆம் வளைவு. நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் நேரம் அங்கேதான் போகிறது என்று சந்தேகப்படுகிறேன். அங்கே ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பியிருக்கும்போதே பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். எந்த செட்டப்பும் இதை முழுசாகச் சரிசெய்யாது. கொஞ்சம் முன்னதாகவே வேகத்தைக் குறைத்து, காரை நேராக்கி, சீக்கிரம் ஆக்சிலேட்டரை மிதியுங்கள். உள்ளே போகும்போது இழப்பது கொஞ்சம்தான். வெளியேறும் வேகம் 15ஆம் வளைவு வரைக்கும் பின்பக்க நேர்ச்சாலை முழுக்கக் கூடவே வரும். 15க்குள்ளும் அவசரப்படாமல் போய், உள்விளிம்பைத் தாமதமாகத் தொட்டால், ஸ்டியரிங் நேராகும்போதே முழுசாக மிதிக்கலாம். பின்பக்கம் வீசுவது பெருமளவு அங்கேயே அடங்கிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் பின் ஆன்டி-ரோல் பாரை ஒரு கிளிக் தளர்த்திப் பாருங்கள்.