பரேடும் பறத்தலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரியில் என்.சி.சி. எனும் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சார்ஜென்டாக இருக்கிறேன். விமானப்படையில் பைலட் ஆகவேண்டும் என்றுதான் சேர்ந்தேன். ஆனால் இதுவரை மைக்ரோலைட் எனும் மிகச் சிறிய விமானத்தில் ஒரே ஒரு முறைதான் ஏற்றிச் சென்றார்கள். மற்ற நாளெல்லாம் பரேடு, மைதானத்தைச் சுத்தம் செய்வது, முதலாண்டு மாணவர்களுக்கு டிரில் சொல்லித்தருவது. போன வாரம் ஒரு முதலாண்டுப் பையன் வெயிலில் மயங்கி விழுந்ததில் அரைநாள் பயிற்சி வீணானது. இதை விட்டுவிட்டு எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்கான பயிற்சி மையத்தில் சேர்ந்தால் ஆங்கிலமும் தேறும், நேரமும் மிச்சமாகும் என்கிறார்கள் நண்பர்கள். என்.சி.சி.யின் உயர்நிலைச் சான்றிதழான சி சான்றிதழுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா?

ச.

அன்புள்ள ச.,

மதிப்பு உண்டு. விமானப் பிரிவின் சி சான்றிதழ் பெற்றவர், என்.சி.சி. சிறப்பு நுழைவு வழியாக, எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரடியாக விமானப்படைத் தேர்வு வாரியத்தின் முன் செல்லலாம். பறக்கும் பிரிவில் 10 விழுக்காடு இடங்கள் இவ்வழிக்கென உள்ளன. வாரியத்தின் வாசல் வரைதான் சான்றிதழ் உடன்வரும், அதற்குப் பிறகு நீங்கள்தான். பயிற்சி மையத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஆங்கிலத்தை நாளிதழ் படித்தே தேற்றிக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. ஒரு பையன் மயங்கி விழுந்தான் என்று எழுதிய கையோடு, அரைநாள் வீணானது என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் காலையில் சாப்பிட்டு வந்தானா, யார் தண்ணீர் கொடுத்தார்கள், மறுநாள் பரேடுக்கு வந்தானா என்று ஒரு சொல்கூட இல்லை. அந்த அணிக்கு டிரில் சொல்லித்தருபவர் நீங்கள். பைலட் ஆக விரும்பும் ஒருவர் இந்த இடத்தில் இவ்வளவு அலட்சியமாக இருப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

நீங்கள் அடைய விரும்புவது பைலட் வேலை மட்டும் அல்ல, அதிகாரிப் பதவி. ஸ்குவாட்ரன் எனும் விமானப்படை அணியில் ஒரு விமானத்தை ஓட்டுபவர் ஒருவர் அல்லது இருவர் என்றால், அதைப் பறக்கத் தகுதியாக வைத்திருக்க ஓடுதளத்து வெயிலில் நிற்பவர்கள் பலர். பறப்பதற்கு முன் பைலட் கையெழுத்திடும் படிவம் 700 என்ற பதிவேட்டில், என்ஜினையும் எரிபொருளையும் சோதித்த தொழில்நுட்ப வீரர்கள் முன்பே கையெழுத்திட்டிருப்பார்கள். அந்தக் கையெழுத்துகளை நம்பித்தான் அவர் காக்பிட்டில் ஏறுகிறார். இரவெல்லாம் தூங்காத ஒரு வீரர் அந்த வரிசையில் இருந்தால் அதைக் கவனித்திருக்க வேண்டியவர் ஓர் அதிகாரி. வெயிலில் தள்ளாடும் பையனை விழுவதற்கு முன்பே கண்டுகொள்வதும் அதே வேலைதான், அளவில் சிறியது, அவ்வளவே.

நானும் மாணவப் பருவத்தில் இந்தச் சீருடையை அணிந்தவன். முகாமில் எங்கள் அண்டர் ஆபீசர், அதாவது எங்களுக்குத் தலைவரான மூத்த மாணவர், ஒவ்வோர் இரவும் டார்ச் விளக்கோடு கூடாரம் கூடாரமாக வருவார். பூட்ஸைக் கழற்றச் சொல்லி ஜூனியர்களின் பாதங்களைப் பார்ப்பார். கொப்புளத்தைக் காட்டக் கூச்சப்பட்டவனைத் திட்டிவிட்டு, தானே மருந்து போட்டுக் கட்டுவார். பகலில் அவர் குரலைக் கேட்டால் எங்களுக்கு நடுக்கம். ஆனால் எங்களில் எவனும் அவருடைய கட்டளைக்கு அரை நொடி தாமதித்ததில்லை. அந்தக் கீழ்ப்படிதல் குரலுக்கு மட்டும் கிடைத்தது அல்ல என்று எனக்குத் தோன்றும்.

அதே நோக்கில்தான் தேர்வு வாரியத்தின் குழுச் சோதனைகளும் அமைந்திருக்கின்றன. கட்டைகளையும் கயிறுகளையும் கொடுத்து ஒரு தடையைக் கடக்கச் சொல்வார்கள். கட்டளைப் பணி என்ற சோதனையில் நீங்களே தலைவர், சக போட்டியாளர்களில் சிலர் உங்கள் துணைவர்கள். தன் யோசனையைக் கத்திச் சொல்பவரையும், பின்தங்கியவரைத் திரும்பிப் பார்ப்பவரையும் அங்கே இருக்கும் அதிகாரி சில நிமிடங்களில் பிரித்தறிவார். ஒரு மாத வகுப்பில் மனப்பாடம் செய்த பாவனை கட்டையைத் தூக்கும்போது உதிர்ந்துவிடும். மூன்று ஆண்டுகள் ஜூனியர்களோடு பழகி வந்த வழக்கம் உதிராது. நீங்கள் சலிப்போடு எழுதிய டிரில் வகுப்புகளை விட்டால், உங்கள் வயதில் அந்த வழக்கம் வேறு எங்கே வாய்க்கும்?

இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். 1962 போருக்குப் பின் 1963இல் கல்லூரிகளில் கட்டாயமாக்கப்பட்ட என்.சி.சி., 1968இல் மீண்டும் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கு இணையான விமானப்படைப் பயிற்சியில் உதவித்தொகை பெறும் மாணவர் பின்னர் படையில் பணியாற்ற ஒப்பந்தம் செய்ய வேண்டும். இங்கே என்.சி.சி. மாணவருக்கு அப்படி ஒரு கடமை சட்டப்படி இல்லை. ஆகவே நீங்கள் நாளையே விலகலாம், ஒருவரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் முன் நிற்கும் முதலாண்டு மாணவர்களும் எந்தக் கட்டாயமும் இல்லாமல், விருப்பத்தால் வந்தவர்கள். அவர்கள் உங்களிடம் பெறுவது உதாசீனம் என்றால், அடுத்த ஆண்டு அந்த வரிசையில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

விலகாதீர்கள். இந்த வாரமே அந்தப் பையனின் விடுதி அறைக்கோ வீட்டுக்கோ போய், அவன் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். பரேடு நேரத்தைக் காலையில் முன்னுக்குத் தள்ள முடியுமா என்று உங்கள் என்.சி.சி. அதிகாரியான பேராசிரியரிடம் பேசுங்கள்.

நேரம் குறித்த உங்கள் கவலை மட்டும் நியாயமானது, படிப்புக்கு அது வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் கணிதத்திலும் இயற்பியலிலும் தலா 50 விழுக்காடு, பட்டப்படிப்பில் 60 விழுக்காடு இல்லையென்றால் சி சான்றிதழ் இருந்தும் பயனில்லை. பைலட் ஆகும் திறன் உண்டா என்று தேர்வு வாரியத்தில் பார்க்கும் கணினி வழி பைலட் தேர்வுச் சோதனையில் வாழ்நாளில் ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். உடல்நலம் சரியில்லாத நிலையில் அதற்குப் போய் உட்காராதீர்கள்.