மகளிர் குழுவில் தற்கொலைத் தடுப்பைப் பற்றிப் பேசலாமா?

குளச்சல் பக்கத்து மகளிர் சுய உதவிக் குழு ஒன்றில் இதைப் பேசினால், அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நேரடியாகக் கேட்பது தூண்டுவதில்லை. பலருக்கு அது பெரிய ஆறுதல்.

மேடையும் மைக்கும் வேண்டாம். 2017 ஒக்கிப் புயலில் கணவரைக் கடலுக்குக் கொடுத்த பெண்கள் நம் கடற்கரை ஊர்களில் இருக்கிறார்கள். பாய் விரித்து வட்டமாக அமர்ந்தால்தான் அந்தத் துயரம் வாய் திறக்கும். கடன் தவணை, வீட்டில் குடி, தூக்கமில்லாத இரவு என்று பேச்சைத் தொடங்குங்கள். "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்று யாராவது சொன்னால் புத்திமதி கூறாதீர்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா அக்கா?" என்று கேளுங்கள். தனியே விடாதீர்கள்.

14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்: இலவசம், எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூடவே செல்லுங்கள். வழக்கு வருமென்று அஞ்சினால், 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவைச் சொல்லுங்கள்: தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே அது கருதுகிறது.