எந்தப் பக்கத்துப் பால்கனி?

அன்புள்ள அண்ணா,

ஆகஸ்டில் அப்பா அம்மாவோடு அலாஸ்கா கப்பல் பயணம் போகிறோம். அதில் ஒரு நாள் முழுக்க கிளேசியர் பே, பனியாறுகள் இருக்கும் வளைகுடா, தேசியப் பூங்கா. பனியாறு நன்றாகத் தெரிய எந்தப் பக்கம் பால்கனி அறை எடுக்கலாம்? நாள் முழுக்கப் பனியையே பார்த்தால் அலுத்துவிடாதா என்று அப்பா கேட்கிறார்.

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

எந்தப் பக்கமும் சரிதான். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று மெதுவாகத் திரும்பும், இரண்டு பக்கத்துக்கும் காட்சி கிடைக்கும். ஆனால் அன்றைக்கு அறையிலேயே இருந்துவிடாதீர்கள். கனமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு காலையிலேயே மேல்தளத்தின் முன்பக்கம் போய்விடுங்கள். உள்ளே நுழைந்ததும் பெரிய பனியாறு எதுவும் வராது, வெறும் காடுதானே என்று பலர் சாப்பிடப் போய்விடுகிறார்கள், எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

ஏனென்றால் 1794-இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் ஆட்கள் வந்தபோது இந்த வளைகுடா அநேகமாக இல்லவே இல்லை, வாசலருகிலேயே பனிச்சுவர் மறித்து நின்றது. 1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வருவதற்குள் அது 40 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருந்தது, இன்று சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். முதலில் பனி விலகிய வாசலில் ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மரங்கள் அடர்ந்த காடு, அப்புறம் ஆல்டர் புதர்கள், கடைசியில் பாசிகூடச் சரியாகப் பிடிக்காத மொட்டைப் பாறை. உள்ளே போகப் போக இருநூற்றுச் சொச்சம் வருடங்கள் பின்னால் போகிறீர்கள். அப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள், அலுக்காது.

இன்னொன்று, அது யாருமில்லாத இடம் அல்ல. ஹூனா டிலிங்கிட் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நிலம், 1700-களில் முன்னேறிய பனி அவர்களை வெளியே தள்ளியது. 2016-இல்தான் வளைகுடாவின் பார்ட்லெட் கோவ் என்ற இடத்தில் அவர்களுடைய குலவீடு திறக்கப்பட்டது. பூங்காவின் ரேஞ்சர்கள் (காவலர்கள்) கப்பலில் ஏறுவார்கள், அவர்களிடம் இதைக் கேளுங்கள்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற இன்னொரு பனியாற்றின் பக்கம் ஆகஸ்டில் சொகுசுக் கப்பல்களை விடமாட்டார்கள், சீல்கள் குட்டி போட்டு, பிறகு ரோமம் உதிர்க்கும் காலத்துக்கான தடை அது. இந்தத் தடை நல்லதுதான்.

மார்ஜரியின் முன்னால் கேமராவைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். பனி உடைந்து விழுவது முதலில் தெரியும், சத்தம் அப்புறம்தான் வரும், சத்தம் கேட்டபின் தேடினால் தண்ணீர்த் தெறிப்புதான் மிச்சம். அதன் பக்கத்திலேயே கல்லும் மண்ணும் மூடிக் கருத்துக் கிடப்பதை மலையடிவாரம் என்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் கிராண்ட் பசிபிக் பனியாறு. நீங்கள் வந்த நீர்வழியைக் குடைந்ததில் பெரும்பங்கு அதனுடையது, மார்ஜரியைப் பார்க்கும் அளவு நேரம் அதையும் பாருங்கள்.