பத்து நாள் மின்சாரம் இல்லாவிட்டால் நோயாளிகளின் பதிவேட்டை எப்படிப் பார்ப்பது?

பட்டுக்கோட்டை அருகே பத்துப் படுக்கைகள்கூட இல்லாத சிறு மருத்துவமனை ஒன்றை நடத்தும் மருத்துவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "2018இல் கஜா புயல் அடித்தபோது எங்களிடம் காகிதக் கோப்புகள் இருந்தன. இப்போது எல்லாமே கணினியில். வரவேற்பில் ஒரு கணினி, என் அறையில் ஒரு கணினி, இரண்டுக்கும் தனித்தனி சிறு யூபிஎஸ். கட்டடத்துக்கு 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஏஎச் பேட்டரி ஒன்றும் உள்ளன. மீண்டும் ஒரு வாரம், பத்து நாள் மின்சாரம் இல்லாமல் போனால் நோயாளிகளின் பழைய விவரங்களை எப்படிப் பார்ப்பது? ஜெனரேட்டர் ஒன்று வாங்கிவிட்டால் போதுமா?"

போதாது. காரணத்தை நான் நேரில் பார்த்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்திருந்ததால் உட்கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. ஐந்தாம் நாள், கணினிக்கு முன்னரே மாறியிருந்த ஒரு சிறு மருத்துவமனைக்கு என்னை அழைத்தார்கள். வாடகை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, கணினியும் உயிரோடு இருந்தது. ஆனால் மென்பொருளைத் திறந்தால், உரிமத்தைச் சரிபார்க்க இணையத்துடன் இணைக்கவும் என்று ஒரு சாம்பல் நிறக் கட்டம் மட்டுமே வந்து நின்றது. செல்போன் கோபுரங்கள் படுத்திருந்த ஊரில் இணையத்துக்கு எங்கே போவது? மேசைக்கு எதிரே ஒரு வயதான அம்மா மஞ்சள் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தார். கடையில் நாலும் ஐந்துமாக வெட்டிக் கொடுத்த துண்டுகள் அவை, ஒன்றில்கூட மருந்தின் பெயர் முழுதாக இல்லை. "காலையில பாதி, ராத்திரி ஒண்ணு" என்றார் அவர். எதில் பாதி, எதில் ஒன்று என்பது அந்தக் கட்டத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்தது.

அன்று முதல் இந்தக் கேள்வியை நான் மின்சாரக் கேள்வியாகப் பார்ப்பதில்லை. பதிவேட்டின் நகல் எங்கே இருக்கிறது, அதைத் திறக்க யாருடைய அனுமதி வேண்டியிருக்கிறது, அதில் எந்தப் பகுதி உண்மையில் அவசரத்துக்குத் தேவை என்ற மூன்றுக்கும் விடை கண்டபிறகுதான் பேட்டரிக்கும் ஜெனரேட்டருக்கும் பணம் செலவிட வேண்டும்.

கடைசியிலிருந்தே வருவோம். உங்களிடம் பல ஆயிரம் நோயாளிகளின் பதிவுகள் இருக்கலாம். ஆனால் கரண்ட் இல்லாத பத்து நாளில், பழைய விவரம் தெரியாவிட்டால் ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்கள் சில நூறு பேர்தான். இன்சுலின் போடுபவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், வலிப்பு நோய்க்கும் காசநோய்க்கும் மருந்து சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஏதேனும் மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரே பக்கச் சுருக்கம் போதும்: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, ஊர், ஒவ்வாமை, இப்போதைய மருந்தும் அளவும், கடைசிப் பரிசோதனை முடிவுகள். பெரும்பாலான மருத்துவமனை மென்பொருள்கள் இதை பிடிஎஃப் ஆக எடுத்துத் தரும். வாரம் ஒருமுறை எடுத்து, பூட்டுப் போட்ட ஒரு டேப்லட்டில் ஏற்றி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தவுடன், மின்சாரம் இருக்கும்போதே, அச்சிட்டும் கொள்ளுங்கள். அச்சிட்டதை ஊர்வாரியாக அடுக்குவது நல்லது, ஏனென்றால் நம் பக்கத்தில் ராஜேந்திரன்களும் செல்விகளும் கணக்கில்லாமல் இருக்கிறார்கள், ஊரைச் சொன்னால் உடனே பிரித்துவிடலாம். அதே பக்கத்தின் ஒரு பிரதியை நோயாளியின் கையிலும் கொடுத்து, மாத்திரைப் பையிலேயே பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் வேறு ஊரில் உறவினர் வீட்டிலோ நிவாரண முகாமிலோ இருந்தாலும் அது அவரோடு போகும். இதற்குச் செலவு மிகக் குறைவு, ஆனால் நான் கீழே சொல்லப்போகும் எல்லா ஏற்பாடுகளையும்விட இதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

அடுத்து, முழுப் பதிவேடு. உங்கள் மென்பொருள் இணையத்தில் இருக்கும் வகையா, உங்கள் கணினியிலேயே இருக்கும் வகையா என்பதைப் பொறுத்துச் சிக்கல் மாறும். இணைய வகை என்றால் பதிவேடு எங்கோ பாதுகாப்பாக இருக்கும், ஆனால் நீங்கள் அங்கே போக முடியாது. செல்போன் கோபுரங்கள் பேட்டரியில் சில மணி நேரம் தாங்கும், பிறகு டீசல் ஊற்ற ஆள் வந்தால்தான் உண்டு. இணைப்பு எப்படியோ கிடைத்தாலும், உள்ளே நுழைய ஓடிபி கேட்கும், அது உங்கள் சிம்முக்கு வந்துசேர வேண்டும். ஆகவே இணைய வகை வைத்திருப்பவர்கள் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை இரண்டு: இணைப்பு இல்லாமலே படிக்கக்கூடிய உள்ளூர் நகல் உண்டா, எத்தனை நாளுக்கு ஒருமுறை உரிமம் சரிபார்க்கப்படும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் கணினியிலேயே இருக்கும் வகை என்றால், ஒரு லேப்டாப் வாங்கி, அதே மென்பொருளை அதிலும் நிறுவி, ஒவ்வொரு இரவும் அன்றைய பேக்கப்பை அதில் ஏற்றித் திறந்து பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். இங்கே பலர் செய்யும் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரவுக் கோப்பைப் பென்டிரைவில் இழுத்துப் போட்டுவிட்டு, அதைப் பேக்கப் என்று நம்பிவிடுகிறார்கள். எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பை அப்படி நகலெடுத்தால், பாதி எழுதிய நிலையில் பிடித்த படம் போல, பிறகு திறக்காமலே போகலாம். மென்பொருளுக்குள் உள்ள பேக்கப் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த நகல் ஒன்று லேப்டாப்பிலும், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில் உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். ஒரே மேசையில் மூன்று நகல் வைத்தால், கூரை ஒழுகும்போது மூன்றும் சேர்ந்தே நனையும்.

நோயாளியின் விவரம் வீட்டுக்குப் போகிறது என்றால் அதற்குக் குறியாக்கப் பூட்டு, அதாவது கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி தரவை மாற்றிவைக்கும் ஏற்பாடு, அவசியம். அந்தப் பூட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸின் பிட்லாக்கர் போட்ட வட்டை வேறு கணினியில் செருகினால், கடவுச்சொல் நினைவில் இல்லாத நிலையில் 48 இலக்க மீட்பு எண் ஒன்றைக் கேட்கும். பலருக்கு அந்த எண் இணையக் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும், அதாவது இணையம் இல்லாத நாளில் கிடைக்காது. காகிதத்தில் எழுதி, ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

இனி மின்சாரத்துக்கு வரலாம். உங்கள் 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரியில், இரண்டையும் பெருக்கினால், கணக்குப்படி 1,800 வாட் மணி உண்டு. முழுவதையும் உறிஞ்சினால் பேட்டரியின் ஆயுள் போய்விடும், இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும். நடைமுறையில் சுமார் 1,000 வாட் மணி, அதாவது ஒரு யூனிட் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதான பேட்டரி என்றால் இன்னும் குறைவு. இப்போது உள்ளபடி இரண்டு மேசைக் கணினிகள், இரண்டு பழைய மின்விசிறிகள், இரண்டு குழல் விளக்குகள், ரவுட்டர் எல்லாம் சேர்ந்தால் 400 வாட்டைத் தாண்டும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுமேல் தாங்கும், அவ்வளவுதான். அதே பேட்டரியில் ஒரு லேப்டாப், இரண்டு 9 வாட் எல்இடி பல்புகள், ரவுட்டர் மட்டும் என்றால் 70 வாட் அளவுதான் ஆகும். நாளுக்கு ஆறு மணி நேரம் நோயாளிகளைப் பார்த்தாலும் 400 வாட் மணியைச் சற்றே தாண்டும், ஆக இரண்டு நாளுக்கு மேல் ஓடும். புதிய பேட்டரி வாங்குவதற்கு முன் சுமையைக் குறையுங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதனால்தான். லேசர் பிரிண்டரை மட்டும் இன்வெர்ட்டரில் மாட்டவே கூடாது, சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரத்தில் உங்கள் 900 விஏ இன்வெர்ட்டர் அணைந்துவிடக்கூடும். மருந்து, தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிக்கும் தனி ஏற்பாடு வேண்டும், அது வேறொரு கட்டுரைக்கான பொருள்.

கணினிகளோடு இருக்கும் சிறு யூபிஎஸ்ஸில் பெரும்பாலும் 7 ஏஎச் பேட்டரிதான் இருக்கும். அது வேலை செய்வதற்கு அல்ல, கோப்பைச் சேமித்துக் கணினியை முறைப்படி அணைப்பதற்கு. எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென நின்றால் தரவுக் கோப்பு சிதையலாம், அதைத் தடுப்பது மட்டுமே அதன் கடமை.

இரண்டு நாளுக்குப் பிறகு பேட்டரியை நிரப்ப வழி வேண்டும், அங்கேதான் ஜெனரேட்டர் வருகிறது. நாள் முழுக்க ஓட்டத் தேவையில்லை. மேலே சொன்ன சிறு சுமைக்கு, தினமும் மூன்று மணி நேரம் ஓட்டி இன்வெர்ட்டர் வழியாகப் பேட்டரியை ஏற்றினாலே செலவான அளவு திரும்பிவிடும். சிறு பெட்ரோல் ஜெனரேட்டர் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் குடிக்கும், பெட்ரோல் பங்க்குகளுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் வரிசை நீளும், கையில் ரொக்கம் இருக்க வேண்டும். ஜெனரேட்டரைக் கட்டடத்துக்கு வெளியே, சன்னல்களிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும் என்பதை மருத்துவரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் மழைக்குப் பயந்து உள்ளே இழுத்து வைப்பவர் உங்கள் உதவியாளராக இருப்பார், அவருக்குச் சொல்லியாக வேண்டும். தெரு இணைப்பைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் பிளக் பாயின்ட் வழியாக வீட்டு வயரிங்கில் மின்சாரத்தைச் செலுத்துவது எந்த நிலையிலும் கூடாது. அது பின்வழியாகத் தெருக் கம்பிக்கு ஏறி, சாய்ந்த கம்பத்தை நிமிர்த்திக்கொண்டிருக்கும் லைன்மேனின் உயிரை வாங்கும்.

சூரிய மின்சாரம் நல்ல வழிதான். ஆனால் மின்வாரிய இணைப்போடு சேர்ந்த, பேட்டரி இல்லாத கூரைத் தகடுகள் ஏற்கெனவே இருந்தால் அவற்றை நம்பாதீர்கள். தெருவில் மின்சாரம் இல்லாதபோது அவை தாமாகவே நின்றுவிடும், லைன்மேனின் பாதுகாப்புக்காகவே அப்படி அமைக்கப்பட்டவை. உங்கள் 12 வோல்ட் பேட்டரிக்கு 165 வாட் தகடுகள் இரண்டும் பேட்டரி அளவுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலரும் தனியே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் நல்ல நாளில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலும் லேப்டாப் ஓடிவிடும். தகடுகளைக் கழற்றக்கூடிய விதத்தில் பொருத்தி, புயல் எச்சரிக்கை வந்ததும் இறக்கிவிடுங்கள்.

மின்சாரம் திரும்பும் நாள்தான் கருவிகளுக்கு மிக ஆபத்தான நாள் என்பது பலருக்குத் தெரியாது. அவசரமாக இழுத்துக் கட்டிய கம்பிகளில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) அறுந்திருந்தால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400க்கு அருகே வரலாம். கஜாவுக்குப் பிறகு ஒரே மாலையில் ஒரு தெருவின் கருவிகள் கருகியதைப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் போனவுடன் கணினிகளின் பிளக்கைக் கழற்றி, மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். திரும்பி வந்தால் முதலில் எலக்ட்ரீசியனிடம் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லி, அரை மணி நேரம் நிலையாக இருந்தபின் மாட்டுங்கள்.

இடைப்பட்ட நாட்களில் புதிதாக எழுதுவதற்கு, வரிசை எண் அச்சிட்ட நூறு தாள்களை இப்போதே தயாராக வையுங்கள். பிறகு கணினியில் ஏற்றும்போது நோயாளியைப் பார்த்த தேதி, பதிவேற்றிய தேதி இரண்டையும் குறிக்க வேண்டும், தாளையும் கிழித்துப் போடக் கூடாது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள், உள்நோயாளிகளின் பதிவுகளை மூன்றாண்டு வைத்திருக்கவும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவும் சொல்கின்றன.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெயின் சுவிட்சை அணைத்து, ரவுட்டரையும் செல்போன் இணையத்தையும் நிறுத்திவிட்டு, உங்கள் உதவியாளரிடம் பத்து நோயாளிகளின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய மருந்தையும் ஒவ்வாமையையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் அறையில் இருக்காதீர்கள், ஏனென்றால் புயலன்று நீங்கள் வந்துசேர முடியாமல் போகலாம். எந்தப் பெயரில் அவர் தடுமாறினார், எந்தக் கடவுச்சொல்லுக்காக உங்களுக்கு ஆள் அனுப்பினார் என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த வாரத்துக்குள் அதைச் சரிசெய்யுங்கள்.